பெரியவளின் திறப்பு

ஸ்காபரோ, கனடா,
18.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் தம்பி வீட்டாரின் சுகத்துக்கும் நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

கிழமைக்குக் கிழமை போனில் கதைக்கிறோமே, பிறகேன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன ஞாயிறு நீங்கள் பெரியவளோடு கதைத்து முடித்த பிறகு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கனநேரம் கழித்து வந்து, "அம்மம்மா என்னைப் பாவம் எண்டு சொல்லுறா. நான் ஏன் பாவம்?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை. உங்களுக்கு எடுக்கலாமென்று போனைக் கையில் தூக்கினேன். எடுத்தால் நானும் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். கீழ்வீட்டு அன்ரியின் மகன் அடுத்த கிழமை ஊருக்கு வருகிறார். அவரிடம் குடுத்துவிடுவேன்.

ஒருத்தருமில்லாத வீட்டைத் தானே திறப்புப் போட்டுத் திறந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று கேட்டதும் உங்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும். எனக்குத் தெரியும். முதல் நாள் அந்தத் திறப்பை நாடாவில் கோத்து அவள் கழுத்தில் போட்டபோது எனக்கும் கை நடுங்கியது. அது ஏன் அப்படியானது என்று போனில் நான் உங்களுக்கு ஒருநாளும் முழுதாய்ச் சொன்னதில்லை.

நான் விடிய நாலரைக்கு எழும்புவேன். இந்த மாதத்தில் ஏழு மணி வரைக்கும் வெளியில் கும்மிருட்டு. முதல் அலுவல் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு. இங்கே பள்ளிக்கூடத்தில் சோறு தருவதில்லை, சூடாக்கவும் விடமாட்டார்கள். அதனால் அகன்ற வாய்ச் சுடுதண்ணிப் போத்தல் மாதிரி ஒரு பாத்திரத்தில்தான் சாப்பாடு போகும். கொதித்த தண்ணியை முதலில் அதற்குள் விட்டுப் பத்து நிமிஷம் மூடி வைக்க வேணும். பிறகு ஊற்றிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, ஆவி பறக்கப் பறக்கச் சோறோ புட்டோ போட்டு மூடினால் பன்னிரண்டு மணிக்கும் சூடாயிருக்கும். சின்னவன் முதலாம் வகுப்புக்குப் போன புதிதில் மூன்று நாள் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. நான் அவனைப் பேசிவிட்டேன். நாலாம் நாள்தான் வாய் திறந்து சொன்னான், மூடியைத் திறக்க ஏலவில்லை, கேட்க வெட்கமாயிருந்தது என்று. சூட்டோடு மூடினால் உள்ளே காற்று இறுகி மூடி கல்லாகிவிடுமாம். அந்தச் சின்னக் கையால் என்ன செய்யும்? அன்று முழுக்க வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்போது மூடிக் கொஞ்சம் பொறுத்து, ஒருக்கால் திறந்து காற்றை விட்டுத் திரும்ப மெல்லமாய் மூடுகிறேன். சாப்பிட அவர்களுக்குக் கிடைப்பதே இருபது நிமிஷம் அளவில். அதனால் கரண்டியால் அள்ளித் தின்னக் கூடியதாய்ப் பார்த்து வைப்பேன்.

நீங்கள் போன வருஷம் அனுப்பின கச்சான் அல்வாவும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. சில பிள்ளைகளுக்குக் கச்சான் துகள் பட்டாலே மூச்சு அடைத்துவிடும். எனக்கு அது முதலில் விளங்கவில்லை. பெரியவள் சின்ன வகுப்பில் இருந்தபோது கச்சான் போட்ட இனிப்பு ஒன்றைக் குடுத்துவிட, பள்ளிக்கூடத்திலிருந்து வேலையிடத்துக்கே போன் வந்துவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பொங்கலும் இந்த முறை செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட நாள். விடிய நாலு மணிக்குக் கரண்ட் அடுப்பில் பொங்கினேன். கஜு போடாமல் பயறும் சர்க்கரையும் மட்டும் போட்டு அதே பாத்திரத்தில் குடுத்துவிட்டேன். 2016ஆம் ஆண்டு கனடாப் பாராளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது உங்களுக்குத் தெரியும்தானே. அதை வைத்துப் பெரியவள் தன்னுடைய வகுப்பில் பொங்கலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாளாம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அம்மம்மா வீட்டு முத்தத்தில கோலம் போடுறதைச் சொன்னனான்" என்றாள். நாலு வருஷத்துக்கு முதல் வீடியோவில் பார்த்தது அம்மா, இன்னும் மறக்கவில்லை.

ஆறு மணி தாண்டினதும் மார்க்கம் வீதி பஸ் பிடிப்பேன். ஏழுக்கு எனக்கு வேலை தொடங்கும். முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் ஒன்பது பேர். எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, எட்டரைக்குள் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து இருத்த வேணும். ஒரு சீனத்து ஆச்சி என் கையைப் பிடித்தால் விடமாட்டா. அவவின் நகத்தை வெட்டும்போதெல்லாம் உங்களுக்கு ஆர் வெட்டுகிறார்களோ என்று நினைப்பேன்.

அதே நேரத்தில் இங்கே உங்கள் மருமகன் பிள்ளைகளை எழுப்புவார். இவருக்குப் பின்னேர வேலை. இரவு பன்னிரண்டு மணி கடந்துதான் வீடு வருவார். ஆறு மணித்தியாலம் படுத்து ஏழுக்கு எழும்பிவிடுவார். ஊரில் தேத்தண்ணி கூடப் போட்டுக் குடித்தறியாத மனுசன் இப்போது பெரியவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவார், வகிடு நேராய் இருக்கும். சின்னவனைக் குளிருக்கு உடுப்பாட்டுகிறதுதான் பெரிய வேலை. பஞ்சு வைத்த காற்சட்டை முதல், அதற்கு மேல் சப்பாத்து, பிறகு ஜாக்கெட், கழுத்துத் துணி, தொப்பி, கடைசியாகக் கையுறை. ஒழுங்கு மாறினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பத் தொடங்க வேணும், கையுறை போட்ட கையால் பிள்ளை சிப்பை இழுக்காது. எல்லாம் போட்டு முடிந்த பிறகு "அப்பா, சூ வருது" என்பான்.

இருவரும் ஒரே நேர வேலை பார்த்தால் பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளை பார்க்கிற இடத்துக்குக் காசு கட்ட வேணும். இரண்டு பிள்ளைக்கும் கட்டினால் வாடகைக்கு இடிக்கும். ஆகவே அவர் விடிய, நான் பின்னேரம் என்று பிரித்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைப்பது சனி ஞாயிறில்தான். மற்ற நாளெல்லாம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டின துண்டில் எழுதி வைப்போம்: பருப்பு அவித்திருக்கு, சின்னவனுக்கு இருமல், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஓம், அது ஒரு கரைச்சல். ஆசிரியர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்கு லீவு என்று வருஷத்தில் ஏழு நாள் வரை வரும். செப்டெம்பரிலேயே நாட்காட்டியில் சிவப்பாலே வட்டம் போட்டு வைத்து ஒவ்வொன்றுக்கும் ஆர் நிற்பது என்று தீர்த்துவிடுவோம். பனி கொட்டினால் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்துவார்கள், ஆனால் பள்ளிக்கூடம் திறந்துதான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் நடந்து போகிறபடியால் அது எங்களைத் தொடாது.

இவ்வளவு பிரித்தும் ஒரு முப்பத்தைந்து நிமிஷம் எங்கள் இருவர் கையிலும் அகப்படவில்லை. இவர் இரண்டரைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். பிள்ளைகள் மூன்றே முக்காலுக்கு வீட்டு வாசலில். நான் பஸ் பிடித்து வந்து சேர நாலு இருபது. அந்த இடைவெளிக்குத்தான் அம்மா அந்தத் திறப்பு.

நீங்கள் படிப்பிக்கப் போன காலத்தில் எங்களுக்கு ஒருநாளும் திறப்பு வேண்டியிருக்கவில்லை. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வர அம்மம்மா படலையடியில் நிற்பா. அவ இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் ஆராவது நிற்பார்கள். ஒழுங்கையே எங்களைப் பார்த்தது. எங்கள் வீடு பூட்டி நான் கண்டது ஒரே ஒரு நாள்தான், சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30. நீங்கள் முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தீர்கள். பிறகு நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சனத்தோடு சனமாய் நின்றபோதும் அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கதவு இருக்கவில்லை, திறப்பு மட்டும் இருந்தது. சாமியறை லாச்சிக்குள் அது இப்பவும் கிடக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளையின் கழுத்தில் திறப்பு என்றதும் உங்களுக்கு அதுதான் வந்திருக்கும். போனில் எனக்கு அது பிடிபடவில்லை, உங்களோடு கோபமாய்க் கதைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கோ.

ஆனால் அவளுக்கு அந்தத் திறப்பு வேறு மாதிரி அம்மா. ஏழாம் வகுப்புத் தொடங்கின நாள் குடுத்தோம். அதற்கு முதல் இரண்டு கிழமை நானும் அவளும் ஒவ்வொரு பின்னேரமும் நடந்து பழகினோம். எந்தச் சந்தியில் நிற்பது, தம்பியின் கையை எந்தப் பக்கம் பிடிப்பது, பூட்டில் திறப்பு இறுகினால் கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துத் திருப்புவது எல்லாம் அவளுக்குப் பாடம். உள்ளே வந்ததும் திரும்பப் பூட்ட வேணும், அடுப்பைத் தொடக் கூடாது, ஆர் தட்டினாலும் திறக்கக் கூடாது. அவள் செய்கிற முதல் வேலை தம்பியின் நனைந்த கையுறையைக் கழற்றிச் சுவரடியில் சூடு வருகிற இடத்தில் காயப்போடுவது. காயாவிட்டால் அடுத்த நாள் விரல் விறைத்துவிடும் என்று அவளுக்கே தெரியும்.

ஒருத்தருமில்லாத வீடு என்பதும் முழுக்கச் சரியில்லை. கீழ்வீட்டு அன்ரி பருத்தித்துறை ஆள். மூன்றரை தாண்டினால் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடியில் வந்து நிற்பா. பிள்ளைகள் கையைக் காட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். ஒருநாள் ஐந்து நிமிஷம் பிந்தினதற்கு, மனுசி சப்பாத்தும் சரியாய்ப் போடாமல் பனிக்குள் இறங்கிச் சந்தி வரை போய்விட்டா. நான் அவவுக்குக் கிழமைக்கு ஒருக்கால் ஒடியல் புட்டு அவித்துக் குடுப்பேன், வேறு ஒன்றும் வாங்கமாட்டா.

நீங்கள் கேட்ட இன்னொன்று, பெரியவள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று. இங்கே அப்படிப் போடுவதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரிச் சோதனையும் இல்லை, ரியூசன் இல்லாமலே படிக்கலாம். கணக்கு நல்லாய்ச் செய்கிறாளாம், ஆனால் வகுப்பில் கையை உயர்த்திக் கதைக்கிறது காணாதாம். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள். சின்னவன் போன விஜயதசமியில் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் ஏடு தொடக்கினவன், இப்போது 'அம்மம்மா' எழுதுவான், ஒரு 'ம்' கூட வரும்.

நான் பின்னேரம் வந்த பிறகு நடக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. சமையல், வீட்டுப்பாடம், முழுக்கு, நாளைய உடுப்பு. எட்டரைக்குத்தான் மூச்சு விடுவேன். உங்களுக்கு எடுப்பதும் அப்போதுதான். நவம்பரில் நேரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினதும் எனது எட்டரை உங்களுக்கு விடிய ஏழாகிவிட்டது. கோடையில் ஆறு மணிக்கு வந்த போன் இப்போது நீங்கள் கோயிலுக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் வருகிறது. மூன்று கிழமை தவறினது அதாலேதான். வேறு ஒன்றும் இல்லை அம்மா, அதை மனதில் வைத்துக்கொள்ளாதேங்கோ. மார்ச் மாதம் திரும்ப மாறும்.

இனி நான் கேட்கிறது இரண்டே இரண்டு. அவளிடம் பாவம் என்று மட்டும் சொல்லாதேங்கோ. கெட்டிக்காரி என்று சொல்லுங்கோ, அது உண்மையும்தான்.

மற்றது, அவள் வந்து கதவு திறக்கிற நேரம் நீங்கள் எழும்பியிருந்து கதைக்கிறதாய்ச் சொன்னீர்களாம். அவளின் மூன்றே முக்கால் உங்களுக்கு நடுச்சாமம் தாண்டி இரண்டேகால். பிரஷரோடு அந்த நேரத்தில் எழும்ப வேண்டாம். அதற்குப் பதிலாய், இரவு சாப்பிட்டு முடித்துப் படுக்க முன்னம் தம்பியின் போனில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்பிவிடுங்கோ. என்ன சமைத்தீர்கள், முற்றத்து முருங்கை காய்த்ததா, ஆர் வந்து போனார்கள், எதென்றாலும் சரி. அவளிடம் கேட்டேன், சந்தோஷமாய் ஓம் என்றாள். நீளமாய் வேண்டாமாம். உள்ளே வந்து கதவைப் பூட்டி, சப்பாத்தைக் கழற்றி, தம்பியின் கையுறையைக் காயப்போட்டு முடிக்கிற வரைக்கும் வந்தால் போதுமாம்.

கொண்டு வருகிறவரிடம் உங்களுக்குக் காலுறை இரண்டு சோடியும், முழங்காலுக்குப் பூசுகிற மருந்தும், சின்னவன் எழுதின 'அம்மம்மா'வும் குடுத்துவிட்டிருக்கிறேன். திரும்பும்போது இடமிருந்தால் கொஞ்சம் கறித்தூளும் ஒடியல் மாவும் குடுத்துவிடுங்கோ, அன்ரிக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்