சீஸ் என்று ஒரு வார்த்தை சொல்லாத நரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும். சின்னவன் அனுப்பிய போட்டோ பார்த்தேன், கடைக்குப் பெயர்ப்பலகைகூட ஆகிவிட்டது போல. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே.

இங்கே ஃபிரெஞ்சு படிக்க வரும் பிள்ளைகளுக்கு மறுபடியும் ஃபிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் ‘காக்கையும் நரியும்’ பாட்டை எடுத்திருக்கிறேன். பதினெட்டே வரி. ஒன்பது வயதில் நீ மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். மனப்பாடம் ஆன பாட்டை யாரும் திரும்பப் படிப்பதில்லை, அதுதான் அதில் உள்ள கெடுதல். நீ ஒருமுறை நிதானமாகப் படி.

நம் வடைக் கதையில் நரி வெளிப்படையாகவே கேட்டுவிடும்: நீ அழகாக இருக்கிறாய், ஒரு பாட்டுப் பாடு. லா ஃபோந்தேனின் நரி அப்படிக் கேட்பதே இல்லை. பாடு என்று ஒரு சொல் கிடையாது. அங்கே காக்கையின் வாயில் இருப்பது வடையில்லை, சீஸ். சீஸ் என்ற சொல்லும் கிடையாது. அந்தச் சொல் நரியின் வாயில் வருவது, சீஸ் கைக்கு வந்த பிறகு, அதுவும் ‘இந்தப் பாடத்துக்கு ஒரு சீஸ் தகும்’ என்று கணக்குத் தீர்க்கும்போதுதான். எதற்காக வந்தானோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு.

எப்படிச் செய்கிறது பார். கவிஞர் இருவரையும் ஒரே மாதிரி ‘மேத்ர்’, அதாவது ‘ஆசான்’ என்றுதான் அறிமுகம் செய்கிறார். நரி வாயைத் திறந்ததும் காக்கை ‘மெஸ்ஸியே த்யூ கொர்போ’, அதாவது ‘திருவாளர் காக்கைப் பிரபு’ ஆகிவிடுகிறது. அந்த ‘த்யூ’ பிரபுக்கள் பெயரில் ஒட்டுவது. காசில்லாமல் கொடுத்த பட்டம். அடுத்து அழகு: முதலில் ‘ழோலி’ (லட்சணம்), உடனே ‘போ’ (பேரழகு). காக்கையின் இறகு உண்மையிலேயே மினுங்கும், அதனால் அது பாதிப் பொய்தான். பாதிப் பொய்யில்தான் ஆள் விழும். அப்புறம் ‘பொய்யில்லாமல் சொல்கிறேன்’. அதன் பிறகு வரும் சிறு சொல்தான் தூண்டில்: ‘ஸி’, அதாவது ‘இருக்குமானால்’. உங்கள் குரலும் உங்கள் இறகைப் போல இருக்குமானால், இந்தக் காட்டின் ஒப்பில்லாத ஃபீனிக்ஸ் பறவை நீங்கள்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று நரி சொல்லவே இல்லை. ஒரு காலி நாற்காலியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது. நிரூபிக்கும் அவசரம் முழுக்கக் காக்கையுடையது.

எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. ‘வணக்கம்’ சொல்லும் வரி எட்டு அசை. அழகைப் புகழும் வரியும் ஃபீனிக்ஸ் வரியும் பன்னிரண்டு அசைக்கு வீங்குகின்றன. காக்கை அலகைத் திறக்கும் வரியும் பன்னிரண்டு. பிள்ளைகளை விரல் மடக்கி எண்ணச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதே கதையை முன்பே லத்தீனில் ஃபீட்ரஸ் என்ற ரோமானியக் கவிஞர் எழுதியதில் நரி ‘உனக்குக் குரல் மட்டும் இருந்தால்’ என்கிறது, கொஞ்சம் குத்தலாக. ஜன்னலிலிருந்து திருடிய சீஸ் என்றும் அவர் சொல்லிவிடுகிறார். 1668இல் லா ஃபோந்தேன் அந்தத் திருட்டை எடுத்துவிட்டார். நம் காக்கையும் பாட்டியிடம் திருடியதுதான், போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். உன் கையில் இருப்பது ஐந்து வருட இரவு வேலையின் சம்பாத்தியம்.

தத்துவஞானி ரூசோ 1762இல், பிள்ளை வளர்ப்பைப் பற்றிய ‘எமீல்’ நூலில் இந்தப் பாட்டை வரிவரியாகக் கிழித்திருக்கிறார். என்ன சீஸ், சுவிஸா, பிரியா, ஹாலந்தா என்றுகூட விட்டுவைக்கவில்லை. (முழு பிரி வட்டம் இரண்டரை மூன்று கிலோ வரும், எந்தக் காக்கையும் தூக்காது.) ஆனால் அவருடைய முக்கியமான புகார் சரியானது. தன் வாயிலிருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதைவிட, அடுத்தவன் வாயிலிருப்பதை விழவைப்பதைத்தான் பிள்ளைகள் இதில் கற்கிறார்கள் என்றார். என் வகுப்பில் நடிக்கச் சொன்னால் எல்லோருக்கும் நரி வேஷம்தான் வேண்டும்.

நாம் ‘காக்கா பிடிப்பது’ என்கிறோமே, கால் கை பிடிப்பதுதான் அப்படி ஆயிற்று என்பார்கள். இருந்தாலும் பொருத்தத்தைப் பார்.

புகழ்வதெல்லாம் நரித்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. லா ஃபோந்தேனே ராஜாவின் நிதி அமைச்சர் ஃபூக்கேயின் உதவித்தொகை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கவிதை கொடுத்தவர். ஆனால் 1661இல் ஃபூக்கே கைதான பிறகும், ராஜாவின் கோபம் தெரிந்தே, அவருக்காகப் பரிந்து எழுதினார். உன்னைப் புகழ்கிறவர் உன்னிடம் ஒன்றும் இல்லாதபோதும் வருவாரா என்று பார். பார்ப்பது சுலபம். ‘இப்போது முடியாது, ஆறு மாதம் போகட்டும்’ என்று சொல். உன் கைப்பக்குவம் அடுத்த வாரமும் அதே உயரத்தில் இருக்கிறதா, இல்லை திடீரென்று உனக்குத் துணிச்சல் போதவில்லை என்று ஆகிவிடுகிறதா, கவனி. ஒரு தாளில் இடப்பக்கம் அவர் சொன்ன பாராட்டு, வலப்பக்கம் அவர் கேட்டது, தேதியோடு எழுது. இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தால் எனக்கு எழுது. பேசும்போது வேறு யாராவது கூட இருந்தார்களா? அந்த மரத்தில் காக்கை தனியாகத்தான் இருந்தது.

வங்கிக் கடனுக்கு நீ ஜாமீன் நிற்பதானால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் நீயே எழுத வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஃபிரான்ஸில் எழுத்தில் உள்ளதுதான் செல்லும். அதை எழுதும் முன் எழுந்து போய்த் தண்ணீர் குடி. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. நம் ஊரில் இப்போது சொல்லும் கதையில் காக்கை வடையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடுகிறது. பாடு, பாப்பா. காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடு.

உனக்கு இதெல்லாம் தெரியும். வகுப்பில் முதலாக வந்தவள். இரண்டு பாஷையில் கணக்கு எழுதத் தெரிந்தவள் ஒரு ஆள் ‘உங்களைப் போல் உண்டா’ என்றதும்…

எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த வார்த்தை என்னுடையது. ‘என் பாப்பாவைப் போல் உண்டா’ என்று சொல்லித்தான் உன்னிடம் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன், தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், டூர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவனிடம் செல்லாது. உன்னிடம் செல்லும் என்று தெரிந்தே செய்தேன். காரியம் ஒன்றும் இல்லாமல் உன்னை எப்போது பாராட்டினேன் என்று இரவெல்லாம் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மோர்மிளகாயும் காய்ந்துவிட்டது.

கையெழுத்து எந்தத் தேதி? போட்டாகிவிட்டது என்றாலும் சொல். திட்டமாட்டேன்.

அம்மா