முறிமருந்து இருந்தும் ஏன் போடவில்லை?

அன்புள்ள செல்வம்,

அத்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலிதான் போவேனா என்கிறது.

"தூக்க மாத்திரைக்கு முறிமருந்து இருக்கிறதாமே, ஏன் போடவில்லை? ஐ.சி.யூ.வில் வைத்துப் பில் போடத்தானா?" என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். பில்லைப் பற்றி நான் பேச வரவில்லை. ஊசி போடாதது சரிதான்.

அத்தை மறதியில் கூடுதலாகச் சாப்பிட்டது அல்ப்ரசோலம். அதற்கு ஃப்ளூமசெனில் என்ற மருந்து இருப்பது உண்மை. மூளையில் அந்த மாத்திரை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். எண்டோஸ்கோபிக்கு அதே இனத்து மிடசோலம் ஊசி போட்டு, தூக்கம் ஆழமாகிப்போனவர்களுக்கு நானே போட்டிருக்கிறேன். 0.2 மில்லிகிராம் மெதுவாக ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா டாக்டர்?" என்பார்கள்.

ஆனால் அத்தை பல வருஷமாக ராத்திரிதோறும் அந்த மாத்திரை போடுகிறவர். பழகிப்போன மூளையிலிருந்து மருந்தை ஒரே அடியாகப் பிடுங்கினால் வலிப்பு வரலாம். அதை அடக்க, அல்ப்ரசோலத்தின் இனத்தைச் சேர்ந்த லோரசிபாம் ஊசி போட்டாலும் சரியாகக் கேட்காது. அது உட்காரவேண்டிய இடத்தைத்தான் ஃப்ளூமசெனில் பிடித்து வைத்திருக்கிறதே! கூடவே மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரையும் உள்ளே போயிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மயங்கிக் கிடப்பவரிடம் கேட்டா தெரிந்துகொள்ள முடியும்? அப்புறம், ஊசியின் வேகம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். மாத்திரை உடம்பிலேயே இருக்கும். விழித்துவிட்டார் என்று நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் மறுபடி மயங்கியிருப்பார்.

நலோக்சோன் என்ற இன்னொரு முறிமருந்தின் கதை வேறு. அது அபின் வகை மருந்துகளுக்கு. மூச்சு நின்றுபோகிற நிலையில் தயங்காமல் போடவேண்டியது. அதுவும் சீக்கிரம் தணியும் என்பதால் ஆளைக் கண்காணித்தே ஆகவேண்டும். அல்ப்ரசோலத்துக்கு அது உதவாது.

பார்பிச்சுரேட் என்ற பழைய தூக்க மருந்துகளின் காலத்திலும் இதே ஆசைதான். மயங்கியவரை எப்படியாவது எழுப்ப பிக்ரோடாக்சின், கொரமின் என்று தூண்டும் ஊசிகளைக் குத்தினார்கள். கொரமின் நம் ஊர்ப் பழைய டாக்டர்களின் பையிலும் இருந்ததுதான். அதனால் வலிப்பு வந்ததுதான் மிச்சம். கோபன்ஹேகனில் பிஸ்பெபியர் மருத்துவமனையில் கார்ல் கிளெம்மெசன் 1949-இல் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, அந்த ஊசிகளை ஒதுக்கிவிட்டு, மூச்சுக்குழாயைக் காத்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்து, நோயாளியைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தார். நூற்றுக்கு 20 வரை இருந்த சாவு 2-க்கும் கீழே இறங்கியது. உன் அத்தைக்கு ஆக்சிஜன் வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நர்ஸ் மணிக்கொருதரம் வந்து பார்த்தார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் வைத்தியம்.

ஒன்று மட்டும் மறக்காதே. பயத்தில் அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். அதுவும் வலிப்பில் கொண்டுபோய் விடும். டாக்டரிடம் சொல்லி வாரக்கணக்கில் மெல்லக் குறைக்கவேண்டும். அதுவரை டப்பா உன் மனைவியிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
ரவி