ஈட்டி நாற்காலி புறப்படும் முன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயலுக்கு,

அப்பாவின் ஆசிகள். சாய்வு நாற்காலியை அடுத்த வாரம் சென்னைக்கு அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் பாலீஷ் போட்டுப் புதிதாக்கிவிடலாம் என்று நீ தொலைபேசியில் சொன்னது இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை, அதனால்தான் இக்கடிதம்.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு, அதாவது படை முகாம், அமைத்த பிறகு, அதை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தச்சர் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. ஓர் அதிகாரியின் பங்களா வராந்தாவுக்காக உன் கொள்ளுத்தாத்தா செய்த நாற்காலி இது. கால் நீட்டிக்கொள்ள முன்னே விரியும் கைச்சட்டம் அதிகாரி வீட்டார் கேட்டது. மலைநாட்டு ஈட்டி (ரோஸ்வுட்) மரமும், வெக்கைக்கு இதமான பிரம்புப் பின்னலும் நம் மண்ணுக்குரியவை. இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல், சட்ட முனையில் செதுக்கிய கழுந்தைத் துளையில் இறக்கி மூங்கில் ஆணி அடித்துப் பூட்டியிருக்கிறார். 1947-இல் அந்த அதிகாரியின் குடும்பம் சாமான்களை ஏலம் விட்டுச் சென்றபோது, உன் தாத்தா நாற்காலியைக் கவிழ்த்து, இடக் கைச்சட்டத்தின் அடியில் தம் தந்தை உளியால் இட்ட மூன்று சிறு வெட்டுகளைக் கண்டு, ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்து வாங்கி வந்தார்.

நம் எழுத்து மேசையை நினைத்துப் பார். பாலீஷ்காரர் ஒருவரிடம் நான் கொடுத்தேன். அவர் இயந்திரத்தால் தேய்த்து மெலமைன் என்னும் செயற்கைப் பூச்சைப் பூசினார். தாத்தாவின் மைக்கறையும், பல ஆண்டுக் கைபட்டு ஏறிய நிறமும் ஒரே பகலில் தூளாகப் போயின. கூட நின்று பார்க்காதது என் தவறு.

இந்த நாற்காலியில் இருப்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் பலமுறை தேய்த்தேற்றிய பிரெஞ்சு பாலீஷ். மங்கினால் அதன்மேலேயே மெல்லிய பூச்சு ஏற்றலாம். பழைய அரக்கு இளகிப் புதியதோடு ஒன்றிவிடும். சுரண்டவே வேண்டாம். ஈரத் தம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். நேர் வெயிலில் ஈட்டியின் கருஞ்சிவப்பு வெளுத்துப்போகும். பிரம்பு தொய்ந்தால், அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து இரவு முழுவதும் காயவிடு, இறுகிவிடும். அறுந்தால் மட்டும் பிரம்பு பின்னுபவரைக் கூப்பிடு.

நாற்காலி வந்து இறங்கியதும் இடக் கைச்சட்டத்தின் அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்து, மூன்று வெட்டுகளும் தட்டுப்பட்டன என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா