ஆணையில் விடுபடும் அந்த ஒரு வரி: மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டவர்களின் ஓய்வூதியம் பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டத்தில் நியமன அதிகாரம் உள்ள அலுவலர்கள், சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர்கள், பணிப்பதிவேடு எழுதும் பிரிவுப் பணியாளர்கள்
நகல்: நிதித்துறை, சென்னை

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நீக்கப்பட்ட ஒரு பணியாளரை மீண்டும் சேர்க்கும்போது நம் அலுவலகங்களில் போடப்படும் ஆணை பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நீக்க ஆணை ரத்து செய்யப்படுகிறது. இன்னார் இன்ன இடத்தில் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறார். சேர்ந்த நாளை அறிக்கை செய்க. வெளியே இருந்த காலம் என்ன ஆயிற்று என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது. சேருபவரும் வேலை கிடைத்த நிம்மதியில் கேட்க மாட்டார். இருபது ஆண்டு கழித்து ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு அனுப்பும் கருத்துரு மாநிலக் கணக்காயர் (ஏ.ஜி.) அலுவலகத்துக்குப் போகும்போதுதான், ‘இடைப்பட்ட காலம் முறைப்படுத்தப்படவில்லை’, அதாவது அது பணிக்காலமா என்று ஆணை இல்லை, என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வருகிறது. அதற்குள் ஆணை போட்ட அதிகாரியே ஓய்வு பெற்றிருப்பார்.

வெளியே இருந்த காலத்தை முறைப்படுத்த அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதிகள் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேல்முறையீட்டிலோ மறுஆய்விலோ நீக்கம் விலகினால் விதி 54, நீதிமன்றம் ரத்து செய்தால் விதி 54-ஏ, தற்காலிகப் பணிநீக்கத்துக்கு விதி 54-பி. இந்த மூன்றும் அதிகாரியிடம் கேட்பவை இரண்டு: அந்தக் காலத்துக்கு என்ன ஊதியம், அந்தக் காலம் பணிக்காலமா இல்லையா. இரண்டுக்கும் தனித்தனி முடிவு வேண்டும். குற்றச்சாட்டிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டவருக்கு முழு ஊதியமும் முழுப் பணிக்காலமும் உண்டு. விசாரணையும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தராமல் நீக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டம் 311(2)-இன் நடைமுறைக் குறைக்காக மட்டும் நீதிமன்றம் ரத்து செய்திருந்தால் ஊதியத்தைக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவு தரப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, அதிகபட்சம் 60 நாளுக்குள் அவர் தரும் விளக்கத்தைப் பார்த்த பிறகே முடிவு எடுக்க வேண்டும். அறிவிப்பே கொடுக்காமல் போட்ட ஆணை மீண்டும் நீதிமன்றம் போனால் நிற்காது.

பெரும் குழப்பம் இங்கேதான். ‘பின் ஊதியம் (வெளியே இருந்த காலத்துக்கான ஊதியம்) இல்லை’ என்று ஒரு தீர்ப்பு சொன்னால், ‘பணிக்காலமும் இல்லை’ என்று பிரிவில் எழுதிவிடுகிறார்கள். பணித்தொடர்ச்சியுடன், பின் ஊதியமின்றி மீண்டும் சேர்க்கவும் என்று தீர்ப்பு வந்தால், பணம் போயிற்று, காலம் இருக்கிறது என்று பொருள். ஓய்வூதியத்துக்கு அந்தக் காலத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். ‘பின் ஊதியம் கோரமாட்டேன்’ என்று பணியாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்ததாகப் படிக்கக் கூடாது. ஓய்வூதியம் கருணைத் தொகை இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், 17.12.1982-இல் நகாரா வழக்கிலும் முடிந்துபோன விஷயம். ஜார்க்கண்ட் வழக்கொன்றில் 2013-இல் அதே நீதிமன்றம் அதை அரசமைப்புச் சட்டத்தின் 300-ஏ பிரிவின்கீழ் சொத்து என்றே சொல்லிவிட்டது.

இன்னொரு பொறி விடுப்பு. சில அதிகாரிகள் நல்லெண்ணத்தோடு, ‘இடைப்பட்ட காலம் ஊதியமில்லா அசாதாரண விடுப்பாகக் கருதப்படுகிறது’ என்று எழுதுகிறார்கள். இதனால் பழைய பணிக்காலம் அறுந்து போகாது, அதுவரை சரி. ஆனால் மருத்துவச் சான்று இல்லாத ஊதியமில்லா விடுப்பு ஓய்வூதியத்துக்கு எண்ணப்படும் ‘தகுதியுள்ள பணிக்காலத்தில்’ பொதுவாகச் சேராது. உதவி செய்ததாக நினைத்து ஓய்வூதியத்தை வெட்டிவிடுகிறோம். ஈட்டிய விடுப்பு கணக்கில் இருந்தால் முதலில் அதைக் கழியுங்கள். மீதிக்கு ‘ஓய்வூதியத்துக்கு மட்டும் பணிக்காலம்’ என்று தெளிவாக எழுதும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா, அரசுக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்த்து எழுதுங்கள்.

இனி கணக்கு. முழு ஓய்வூதியத்துக்குத் தேவை 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு. அதற்குக் குறைந்தால் கடைசி ஊதியத்தில் பாதியை அரையாண்டு எண்ணிக்கையால் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும். மிச்சமாக நிற்கும் மாதங்கள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் அரையாண்டு. மூன்றுக்குக் குறைந்தால் பூஜ்யம்.

நெடுஞ்சாலைத் துறைச் சாலைப் பணியாளர்களை எடுத்துக்கொள்வோம். 2002-இல் நீக்கப்பட்டு 2006-இல் திரும்ப எடுக்கப்பட்டவர்கள். மாநிலம் முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் பேர். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாகச் சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேவிய மணலை அள்ளுவதும், ஓரத்துக் கருவேலத்தை வெட்டுவதும் இவர்கள் வேலைதான். இடைவெளி 41 மாதம். ஒருவருக்கு அந்த 41 மாதமும் சேர்த்து 27 ஆண்டு வருகிறது, கடைசி அடிப்படை ஊதியம் 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 54 அரையாண்டுக்கு ஓய்வூதியம் 16,200 ரூபாய். 41 மாதத்தைக் கழித்தால் 23 ஆண்டு 7 மாதம். மிச்சம் ஒரு மாதம் பூஜ்யமாகி 47 அரையாண்டுதான் நிற்கும். ஓய்வூதியம் 14,100 ரூபாய். மாதம் 2,100 ரூபாய் குறைவு, அதன் மேல் வரும் அகவிலைப்படியும் குறைவு. பணிக்கொடை அரையாண்டுக்குக் கால் மாத ஊதியம் என்பதால் பதின்மூன்றரை மாதத்துக்குப் பதில் பதினொன்றே முக்கால் மாதம். அடிப்படை ஊதியத்தில் மட்டும் 63,000 ரூபாய் போகிறது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெறுபவருக்கு அந்தத் தொகையும் சுருங்கும்.

இதுவும் முழு இழப்பு இல்லை. 27 ஆண்டு உள்ளவருக்கும் 23 ஆண்டு உள்ளவருக்கும் கடைசி ஊதியம் ஒன்றே என்று மேலே வைத்துக்கொண்டோம். உண்மையில் அப்படி இருக்காது. இடைவெளி பணிக்காலம் ஆனால் மூன்று ஆண்டு ஊதிய உயர்வு கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், சேரும், பத்தாம் ஆண்டுத் தேர்வுநிலை, இருபதாம் ஆண்டுச் சிறப்புநிலை என்னும் உயர் ஊதிய நிலைகளும் முன்னே நகரும், கடைசி ஊதியமே உயரும். ஈட்டிய விடுப்பு அரையாண்டுக்கு 15 நாள் வீதம் வரவு வைக்கப்பட்டு, 240 நாள் வரம்புக்குள் பணமாகும். ஆகவே பணிக்காலம் என்று ஒரு வரி ஆணை போட்டுவிட்டு ஊதிய நிர்ணயத்தைத் தொடாமல் விடுவது பாதி வேலை.

சின்ன இடைவெளிதானே என்றும் விட முடியாது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் அளவில் நீக்கப்பட்டு, பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பினார்கள். 29 ஆண்டு 3 மாதம் 5 நாள் உள்ளவருக்கு 59 அரையாண்டு. 25 நாளைக் கழித்தால் மிச்ச மாதம் மூன்றுக்குக் கீழே போய் 58 ஆகிவிடும். 60,000 ரூபாய் ஊதியத்தில் மாதம் 500 ரூபாய், ஆயுள் முழுக்க. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த நாட்கள் ‘பணிமுறிவு’ என்று பதிவேட்டில் நின்றுவிட்டால் முன்னே இருந்த காலம் முழுவதற்கும் கேள்வி வருவதுதான்.

அந்த ஆண்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வேலைநிறுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 6.8.2003. ஊதியத்தில் பிடித்தம் செய்து சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான நிதித்துறை அரசாணை 259-இன் தேதியும் 6.8.2003. திட்டம் 1.4.2003 முதல் நியமனம் பெற்றவர்களுக்கு. அதற்கு முன் நியமிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டவரின் திட்டத்தை முதல் நியமன நாள்தான் தீர்மானிக்கும். ஆணையில் ‘புதிதாக நியமிக்கப்படுகிறார்’ என்று யாரோ பழைய மாதிரிப் படிவத்தைப் பார்த்து எழுதினாலோ, அரசின் சம்பள, பணியாளர் விவர மென்பொருளான களஞ்சியத்தில் திரும்பச் சேர்ந்த நாளைப் பணியில் சேர்ந்த நாளாக ஏற்றினாலோ, மனிதர் பழைய ஓய்வூதியத்தை இழந்து பிடித்தத் திட்டத்துக்குள் போய்விடுவார். மென்பொருளில் அந்த ஒரு புலத்தை ஒவ்வொருவருக்கும் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே 1.4.2003 அன்றோ அதற்குப் பின்னரோ நியமனம் பெற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பின் ஊதியம் தரப்பட்டால் அந்தச் சம்பளப் பட்டியலிலேயே அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டிலும் 10 விழுக்காடு பிடித்து, அரசின் சமபங்கும் ஏற வேண்டும். ஊதியமே இல்லாமல் பணிக்காலம் மட்டும் தரப்பட்டால் பிடிக்க எதுவும் இல்லை, கணக்கில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது என்று நிதித்துறை ஒரு தெளிவுரை தர வேண்டும். அலுவலக மட்டத்தில் அதைத் தீர்க்க வழியில்லை.

நிதித்துறைக்கு இன்னொன்றும். சாலைப் பணியாளர்களைப் போலத் துறை முழுதும் கொள்கை முடிவால் நீக்கி, கொள்கை முடிவால் எடுக்கும்போது விதி 54-ஓ 54-ஏ-யோ நேராகப் பொருந்துவதில்லை. தனி ஒழுங்கு நடவடிக்கையே அங்கே கிடையாது. அவர்களுக்குக் கோட்டப் பொறியாளர் தன் அளவில் எதுவும் எழுத இயலாது. 41 மாதத்தைப் பணிக்காலமாக்குவது அரசின் ஆணையால்தான் நடக்கும். அந்த ஆணையில் ஊதிய உயர்வு, தேர்வுநிலை, விடுப்பு, ஓய்வூதியம் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி வர வேண்டும். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும், இறந்தவர்களின் குடும்ப ஓய்வூதியர்களும் அதில் அடங்குவர் என்ற வாசகமும் வேண்டும். அது இல்லாவிட்டால் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று கருவூலம் படிக்கும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

பதிவேடு பற்றி. நீக்க ஆணையின் எண், நாள், முற்பகலா பிற்பகலா. மீண்டும் சேர்ந்த ஆணையின் எண், நாள், முற்பகலா பிற்பகலா. காலத்தை முறைப்படுத்திய ஆணை. மூன்றும் அடுத்தடுத்து ஏறி, அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். அதன் கீழே அந்தக் காலத்துக்குப் பணிச் சரிபார்ப்புச் சான்று. பணிப்பதிவேட்டில் ஆண்டுதோறும் போட வேண்டிய இந்தச் சான்றை ஓய்வுக்கு முந்தைய மாதம் ஒரே மையில் மொத்தமாகப் போடும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஏ.ஜி. அலுவலகத்துக்கும் தெரியும்.

இராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து அலுவலகங்களில் உப்புக்காற்றில் தாளைப் பிடித்திருக்கும் கம்பி துருவேறி, அந்த இடத்திலிருந்து ஏடு கிழிகிறது. நீக்கத்துக்கு முந்தைய பக்கங்கள் கிடைக்காவிட்டால் பழைய சம்பளப் பட்டியலின் அலுவலக நகல், பட்டுவாடாப் பதிவேடு, சேமநல நிதியின் ஆண்டுக் கணக்குச் சீட்டு ஆகியவற்றிலிருந்து மாற்றுச் சான்று தேடலாம். சேமநல நிதிச் சீட்டில் மாதவாரிச் சந்தா இருக்கும். எந்த மாதம் வரை சம்பளம் வாங்கினார் என்பதை அதுவே காட்டிவிடும். பணியாளர்கள் இந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் இருப்பது நல்லது. பதிவேட்டின் நகல் தர அலுவலகம் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றவருக்குத் திருத்தக் கருத்துரு அனுப்பும்போது முறைப்படுத்திய ஆணை, திருத்திய ஊதிய நிர்ணய ஆணை, அசல் பணிப்பதிவேடு, ஓய்வூதியக் கொடுப்பாணை எண் ஆகியவற்றை ஒரே உறையில் அனுப்புங்கள். பதிவேடு இல்லாமல் ஆணையை மட்டும் அனுப்பினால் பதிவேடு கேட்டுக் கடிதம் வரும், அதற்குள் அரை ஆண்டு போகும். பணிக்கொடை வித்தியாசம், தொகுத்துப் பெற்ற தொகையின் வித்தியாசம், விடுப்புச் சம்பள வித்தியாசம் மூன்றையும் அதே கருத்துருவோடு கணக்கிடுங்கள். கடைசியாகச் சொன்னது ஏ.ஜி. வழியாக வராது, உங்கள் அலுவலகப் பட்டியலில் வருவது. அதனாலேயே அடிக்கடி மறக்கப்படுகிறது.

நாங்கள் கேட்பது இது. மாவட்டத்தின் ஒவ்வோர் அலுவலகமும் நீக்கத்துக்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்ட பணியாளர், ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியர் பட்டியலை எடுத்து, முறைப்படுத்தும் ஆணை இருக்கிறதா என்று ஒரு கலத்தில் குறித்து, அடுத்த ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்தில் வைக்க வேண்டும். ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர்களின் கோப்புகளை முதலில் எடுங்கள். தனுஷ்கோடிச் சாலையிலும் சாயல்குடியிலும் இருப்பவர்களை இதற்காக இராமநாதபுரத்துக்கு அலைய விடாமல், பதிவேட்டைச் சரிபார்க்க அந்தந்த உட்கோட்ட அலுவலகத்திலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வூதியக் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் ஓய்வு பெற்ற அலுவலகப் பணியாளர்கள்,
இராமநாதபுரம் கடற்கரை வட்டாரம்