ஏழாம் தேதி தாபா வருகிறான்

வியாசர்பாடி, சென்னை
16 செப்டம்பர் 2023

அன்புள்ள கோலி, என் பழைய கோல் கீப்பரே,

உன் வாய்ஸ் நோட்டை மூன்று தடவை கேட்டேன். பாதி டிராம் மணியில் போய்விட்டது. மீதியில் நீ என்னைக் கிண்டல் செய்கிறாய் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. போனில் பேசினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசியில் ஓர் உதவி கேட்பேன். அதுவரை பொறுமையாகப் படி.

மூன்றாம் தேதி டூரண்ட் கோப்பை கால்பந்து பைனலன்று நீ கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் பச்சை மெரூன் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாய். நான் இங்கே டீக்கடை பெஞ்சில், போனை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோகன் பகானில் அனிருத் தாபா. ஈஸ்ட் பெங்காலில் நந்தகுமார். ஒருவன் ஏழு சீசன் நம் சென்னையின் எப்.சி.யின் நீலச் சட்டையில் ஆடியவன், இன்னொருவன் நம் ஏரியாவில் பந்து உதைத்து வளர்ந்தவன். மோதுவது கல்கத்தாவின் இரண்டு கிளப்புகள், ஆனால் எனக்கு இரண்டு பக்கமும் ஆள். யார் பக்கம் கத்துவது, சொல்லு. தாபா காலைத் தூக்கி, சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்தபோது கடைக்காரர், "உங்க ஆளு போறாரு பாருங்க" என்றார். "எங்க ஆளு இல்லைங்க, ஜூன்லயே கொடுத்துட்டாங்க" என்றேன். சொன்ன பிறகு டீ இறங்கவில்லை. அப்புறம் பத்துப் பேரோடு ஆடி, பெட்ராடோஸ் கோலில் நீங்கள் பதினேழாவது தடவை கோப்பையைத் தூக்கினீர்கள். வாழ்த்துகள். மோகன் பகான் ஜெயித்தால் இறால்தானே, வீட்டில் வாங்கினாயா?

நந்தாவைப் பற்றி நீ கேட்டிருந்தாய். ஆகஸ்ட் 12-ஆம் தேதி மோகன் பகானோடு நடந்த டெர்பியில் அவன் அடித்த கோலை மறுநாள் காலை முல்லை நகர் கிரவுண்டில் இருந்த ஒவ்வொரு பையனும் அடித்துப் பார்த்தான். பக்கவாட்டிலிருந்து உள்ளே வெட்டி, வளைத்து. பாதிப் பந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது, அது வேறு விஷயம். நாலரை வருஷமாக டெர்பியில் ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தவன் நம்ம வியாசர்பாடிக்காரன் என்றால் சும்மாவா? அரையிறுதியிலும் நார்த்ஈஸ்ட்டோடு 97-ஆவது நிமிஷத்தில் சமன் செய்தது அவன்தான்.

இத்தனைக்கும் அவன் ஒருநாள்கூட சென்னையின் எப்.சி. சட்டையைப் போட்டதில்லை. சென்னை சிட்டியில் ஆடினான், டெல்லி எடுத்துக்கொண்டது, அந்த அணி புவனேஸ்வருக்கு மூட்டை கட்டி ஒடிசா எப்.சி. ஆனபோது கூடவே போனான். இப்போது உன் ஊர். ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் நம் அணியின் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். அந்தத் தூரம் மட்டும் அவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. எட்வின் சிட்னியும் இந்த வருஷம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டான். சென்னை சிட்டி 2019-இல் ஐ-லீக் ஜெயித்தபோது கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேனே, அந்த அணியில் இருந்த எட்வின். இன்று அந்த அணியே களத்தில் இல்லை.

சரி, நம் அணிக்கு வருகிறேன். கோச் ஓவன் காயில் திரும்ப வந்திருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். 2019 டிசம்பரில் கடைசி வரிசையில் கிடந்த அணியை எடுத்து நேராக ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பைனலுக்குக் கூட்டிப்போன மனுஷன். அந்த பைனல் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது, கொரோனா ஆரம்பித்த வாரம். கல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். அதற்கப்புறம் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனான். நாம் எட்டாம் இடம். அடுத்த வருஷம் எட்டாம் இடம். அதற்கடுத்த வருஷம், போன சீசனில், மறுபடி எட்டு. மூன்று கோச், மூன்று விதமான ஆட்டம், ஒரே இடம். பத்துப் பதினோரு அணி இருக்கிற பட்டியலில் எட்டாவது என்பது ஒரு விசித்திரமான இடம், கோலி. கடைசியில் வந்தாலாவது நாலு பேர் திட்டுவார்கள். எட்டாவதை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

இந்த வருஷம் வெளிநாட்டு ஆட்களை அடியோடு மாற்றிவிட்டார்கள். போன சீசனில் 12 ஆட்டத்தில் 9 கோல் அடித்த எல் கயாத்தி இல்லை. ஸ்லிஸ்கோவிச் ஜாம்ஷெட்பூரில். வந்திருக்கிறவர்களைச் சொல்கிறேன், நீயே தீர்ப்பு சொல். ஸ்டாப்பராக, அதாவது பின்களத்தின் நடுவில், ரயான் எட்வர்ட்ஸ், டண்டீ யுனைடெட்டின் கேப்டன். நல்ல உயரம், ஹெட்டிங் பலம். ஆனால் அந்த அணி போன சீசனில்தான் ஸ்காட்லாந்து மேல்டிவிஷனில் கடைசி இடம் வந்து கீழே இறங்கியது. கப்பல் மூழ்கியதற்கு கேப்டனைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நடுவில் பட்டோக்கியோ, மெஸ்ஸியின் ஊரான ரொசாரியோவில் பிறந்தவன். இதை மட்டும் நம் பசங்கள் பத்து தடவை சொல்லிவிட்டார்கள், அந்த ஊரில் பிறந்தவனுக்கெல்லாம் இடது கால் கிடைத்துவிடும் என்பது போல. முன்னால் கானர் ஷீல்ட்ஸ் ஓடுகிறான், நிற்காமல் ஓடுகிறான், கோல் அடிப்பானா என்பதுதான் கேள்வி. ஜோர்டான் மரே முன்பு கேரளா பிளாஸ்டர்ஸில் 7 கோல் அடித்தவன், அது மூன்று சீசனுக்கு முன்னால்.

அப்புறம் பிரேசில்காரன் கிரிவெல்லாரோ. இவன் திரும்ப வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அவன் இடது காலால் பந்தை எடுத்துவைக்கிற அழகை நேரில் பார்த்தவன் நான். ஆனால் 34 வயது. 2020 டிசம்பரில் கணுக்கால் போய் அந்த சீசனே முடிந்தது. பழைய காதலியைக் கல்யாண வீட்டில் பார்த்தது போல இருக்கிறது. மனசு குளிர்கிறது, கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது வெளிநாட்டவர் இல்லை. அணியில் ஆறு பேர் இருந்தாலும் களத்தில் நாலு பேர்தானே இறங்க முடியும். மீதி ஏழு பேர் நம்மவர்கள். அந்த ஏழுதான் எட்டாம் இடமா நாலாம் இடமா என்று முடிவு செய்கிறது. ஒரு பிரேசில்காரன் போனால் இன்னொரு பிரேசில்காரன் கிடைப்பான், உலகம் பெரிசு. தாபா மாதிரி ஓர் இந்திய மிட்பீல்டர் போனால் கடையில் அடுத்த பீஸ் கிடையாது. இருக்கிற நாலைந்து பேரையும் காசு உள்ள கிளப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஜிதேஷ்வர் நல்ல பையன், பந்தைப் பிடுங்குவான். ஆனால் பிடுங்கின பந்தை யாரிடம் கொடுப்பான்? முன்பு தாபாவிடம் கொடுப்பான்.

போதாததற்கு ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணியில் நம் ரஹீம் அலியை எடுத்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் 23-ஆம் தேதி புவனேஸ்வரில் முதல் ஆட்டம், அவன் சீனாவில் இருப்பான். டூரண்ட் கோப்பையில் ஹைதராபாத்தை 3-1 ஜெயித்ததும் ஆகா என்றிருந்தோம், காலிறுதியில் கோவா 4-1 என்று இறக்கிவிட்டது. அதுதான் நம் உண்மையான எடை என்று நினைக்கிறேன்.

கோல் கீப்பர் விஷயத்தில் உன்னிடம் சண்டை போட முடியாது, தேப்ஜித் மஜும்தார், சாமிக் மித்ரா இரண்டு பேரும் உங்கள் வங்காளத்துப் பிள்ளைகள். தாபாவை நீங்கள் எடுத்துக்கொண்டு இரண்டு கோலியை எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறீர்கள். கணக்கு சரியா?

2018 நினைவிருக்கிறதா? பெங்களூர் கண்டீரவாவில் அவர்கள் ஊரிலேயே 3-2 ஜெயித்து சாம்பியன். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு ஹெட்டர். அந்த சீசனில் நம்ம தனபால் கணேஷ் நடுக்களத்தில் யாரையும் தாண்ட விடவில்லை. அடுத்த சீசனுக்கு ஸ்டாப்பர் செரெனோ இல்லை, கணேஷுக்கு முழங்கால். இரண்டு பேர்தானே என்று நினைத்தோம். 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். வீட்டில் இரண்டு செங்கல் உருவினால் சுவர் நிற்கும் என்று எல்லோரும்தான் நினைப்பார்கள். எந்த இரண்டு என்பது உருவின பிறகுதான் தெரிகிறது.

இதைப் பற்றி யோசித்தபோது நம் காலத்து ஆட்டம் ஞாபகம் வந்தது. ஐ.சி.எப்., இந்தியன் பேங்க், சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ். ஒரு ஆள் பேங்க் அணிக்கு ஆட வந்தால் அங்கேயே கிளார்க், அங்கேயே கல்யாணம், அங்கேயே ரிட்டயர்மென்ட். பதினைந்து வருஷம் அதே லெப்ட் அவுட்டை நாம் பார்த்தோம், திட்டினோம், அவன் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மொய் எழுதினோம். அணி என்பது வேலை, வேலையை விட்டு யார் போவார்கள்? இப்போது ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கான்ட்ராக்ட். அவர்களுக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, அதில் எனக்குப் பொறாமை இல்லை. நாம் முழங்காலை உடைத்துக்கொண்டு வாங்கியது ஒரு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதானே. ஆனால் திட்டிப் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறான். கேலரியில் உட்கார்ந்து முதல் மூன்று ஆட்டம் சட்டை நம்பரைப் பார்த்துப் பார்த்துப் பெயர் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பாதை வேறு நடுவில் கிடக்கிறது, என் கண்ணுக்கு நம்பரும் தெரிவதில்லை. தமிழ்ப் பையன் என்று அஜித்குமார் இருக்கிறான், அவன் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

தாபா அப்படித்தான் நம் ஆளானான். டேராடூன் பையன், 2016-இல் வந்தபோது 18 வயது, மீசைகூட முளைக்கவில்லை. தமிழ் பேசாவிட்டால் என்ன, நம் கண் முன்னால் வளர்ந்தான், கேப்டன் ஆனான். ஒரு பையன் நம்ம ஊர்க்காரன் ஆக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் ஏழு என்பேன். ஏழு ஆனதும் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த உதவி. சிரிக்காதே.

அக்கா மகனைக் கடைசியாக நீ பார்த்தபோது என் இடுப்பு உயரம். இப்போது 17, என்னைவிட அரை அடி கூட. அவனும் லெப்ட் பேக், இடது கால்தான், ஆனால் நான் மிரட்டி நிறுத்தின இடத்தில் இவன் ஓடித் தாண்டுகிறான். கல்கத்தாவில் ஒரு சின்ன கிளப், துர்கா பூஜை முடிந்ததும் டிரையல்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயே இன்னும் ஒரு வருஷம் லீக் ஆடட்டும், நேரு ஸ்டேடியத்துப் பக்கம் யாராவது பார்ப்பார்கள் என்று நான்தான் முதலில் சொன்னேன். "மாமா, நந்தா அண்ணன் எந்த ஸ்டேடியத்துல ஆடறாரு?" என்று கேட்டான். அதற்கப்புறம் டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன் வீட்டு ஹாலில் பத்து நாள் படுக்க இடம் கொடு. சீக்கிரம் எழுந்துவிடுவான், தொந்தரவு இருக்காது. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள், ஜூனில் பாலசோரில் நடந்த ரயில் விபத்தை டிவியில் பார்த்ததிலிருந்து அந்தப் பெயரை எடுத்தாலே அழுகிறாள். இரண்டுமே அந்தத் தண்டவாளத்தில்தான் போகும் என்று சொன்னால் கேட்கவில்லை. ஹவுரா மெயிலில் போட்டிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போ, அவனுக்கு இந்தியும் வராது, வங்காளமும் வராது. "பாஸ்" என்ற வார்த்தை மட்டும் எல்லா மொழியிலும் கத்துவான்.

அதற்கு முன்னால் அக்டோபர் 7 இருக்கிறது. நம் முதல் ஹோம் மேட்ச், எதிரே மோகன் பகான். தாபா பச்சை மெரூனில் நம் ஓட்டப்பாதையைத் தாண்டி உள்ளே வருவான். பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கைதட்டுவதா, ஊளையிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ டிவியில் பார்த்து யார் பக்கம் என்று எழுது.

முட்டி வலிக்கு அந்த எண்ணெயைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன், சூடு செய்து தடவு. ஈஸ்ட் பெங்கால்காரர்கள் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் அவனுக்கு இலிஷ் மீன் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. வஞ்சிரம் தின்று வளர்ந்தவன், முள் எடுக்கத் தெரியாது.

இப்படிக்கு,
உன் பழைய லெப்ட் பேக்