தகைவிலானும் திமிங்கிலமும்

அன்பு மகளுக்கு,

சின்னவள் பள்ளிக்கூடத்தில் திமிங்கிலத்தைப் பற்றி எழுத வேண்டுமாம், ஆயா எழுதி அனுப்பட்டும் என்றாயே, இதோ எழுதுகிறேன். ஆனால் தகைவிலான் குருவியையும் சேர்த்துத்தான் எழுதுவேன், இந்த மார்ச் மாதத்தில் எனக்கு அதன் நினைப்புதான்.

கூன்முதுகுத் திமிங்கிலம் 30 டன் இருக்கும், தகைவிலான் 20 கிராம், தராசில் ஒன்றுக்கு ஈடாக 15 லட்சம் குருவிகளை வைக்க வேண்டும். திமிங்கிலம் அண்டார்டிக் கடலில் கோடையெல்லாம் கிரில் என்னும் இறால் மாதிரிப் பொடி உயிரைத் தின்று கொழுத்துவிட்டு, குட்டி போட மொசாம்பிக் பக்கம் வெதுவெதுப்பான தண்ணீரைத் தேடிப் போகும். ஜூனிலிருந்து நவம்பர் வரை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து உம்லாங்கா கரையில் நின்றாலே அது மூச்சு விடும் புகை தெரியும். வழியில் பெரும்பாலும் பட்டினிதான், உடம்பில் சேர்த்த கொழுப்பே சாப்பாடு. 1975 வரை டர்பனின் ப்ளஃப் பகுதியில் திமிங்கிலங்களை வெட்டி எண்ணெய் காய்ச்சினார்கள், அப்படியும் இந்தக் கடலுக்கு அவை திரும்ப வருகிறதைப் பார்க்க எனக்கு மனசு நிறைந்து போகிறது.

குருவிக்கு அவ்வளவு சேமிப்பு ஏது? சஹாராவைத் தாண்டக் கொஞ்சம் கொழுப்பு, மற்றபடி பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்றால்தான் உண்டு, அப்படியே இங்கிலாந்திலிருந்து இங்கே வரை 10,000 கிலோமீட்டர். சாயங்காலம் பக்கத்து மவுண்ட் மோர்லண்ட் நாணல் காட்டுக்குப் போனால், வானத்தில் பொடிப்பொடியாகச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் ஒன்றாகத் தலைகீழாக இறங்கி நாணலுக்குள் மறைந்துவிடும். இங்கே இருக்கும் மாதங்களில்தான் ஒவ்வொரு சிறகாக உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கும். இப்போது வால் இழை இரண்டும் நீளமாக வளர்ந்துவிட்டது, கிளம்பத் தயார்.

1911இல் உங்கள் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷையரில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள், 1912 டிசம்பரில் அது நம்ம நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. இங்கிலாந்துக் குருவி குளிர்காலத்தில் இவ்வளவு தூரம் வருகிறது என்று உறுதியானது அப்போதுதான்.

எனக்குப் பெரிய வித்தியாசம் எடையில் இல்லை. திமிங்கிலக் குட்டி கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாயை ஒட்டியே நீந்தி, இரை இருக்கும் தென்கடலுக்கு அவளோடு போய்த்தான் வழியைத் தெரிந்துகொள்ளும். தகைவிலான் குஞ்சை அப்பா அம்மா கூட்டிக்கொண்டு வருவதில்லை, முட்டையிலிருந்து வந்து சில மாதத்தில் பார்க்காத ஊருக்கு அதுவே கிளம்பிவிடும். உன்னை விமானம் ஏற்றிவிட்டு நான் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் தெரியுமா, இப்போது அந்தப் பயம் இல்லை கண்ணு. பிள்ளைக்கே திசை தெரிகிறது.

ஏப்ரல் பாதியில் அங்கே நிறைய வந்துவிடும். பக்கத்தில் குதிரை லாயமோ பழைய கொட்டகையோ இருந்தால் சின்னவளைக் கூட்டிப் போ, உத்திரத்தை ஒட்டி ஈரமண் உருண்டைகளை அடுக்கிக் கட்டிய கூடு இருக்கும், அதற்கே திரும்ப வரும். முதலில் எந்தத் தேதியில் பார்த்தாள் என்று அவளையே எழுதச் சொல், இங்கே கடைசிக் கூட்டம் போன தேதியை நான் எழுதுகிறேன்.

அம்மா
வெருலம்