மாமாவின் பக்கிக்கு ஒரு இடது ஆர்ம்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள கண்ணு,

படங்கள் வந்து சேர்ந்தன. மாமாவின் மாருய் கம்பெனி பக்கி, அந்த ரிமோட் ரேஸ் கார், இத்தனை வருஷம் கராஜில் கிடந்ததற்கு மோசமில்லை. சக்கரத்தைச் சேசிஸோடு (அடிச்சட்டத்தோடு) இணைக்கும் முன்பக்க இடது ஆர்ம் மட்டும்தான் ஒடிந்திருக்கிறது. இரண்டு துண்டையும் சூப்பர் குளூவால் ஒட்டி, அளந்து, 3டி பிரிண்டரில் அடிக்கக் கம்ப்யூட்டரில் வரையப்போவதாக எழுதியிருக்கிறாய். ஒட்டாதே. அந்த வகை பிளாஸ்டிக் ஒடிவதற்கு முன்னால் கொஞ்சம் இழுபடும். முறிந்த இடம் வெளுத்திருப்பது அதனால்தான். ஒட்டினால் நீளமும் கூடியிருக்கும், கோணமும் ஒரு டிகிரி திரும்பியிருக்கும். அதை அளந்து வரைந்தால் விபத்தைத்தான் வரைந்திருப்பாய்.

இதே டாமியா கம்பெனி வண்டியாக இருந்தால் வரையவே விடமாட்டேன். 1984ல் வந்த ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் இரண்டையும் 2004, 2005ல் மறுபடி வெளியிட்டார்கள். 1983ன் ஃப்ராக்கும் 2005ல் திரும்ப வந்தது. புதுப் பாகத்தை வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். வார்த்த பாகத்துக்குப் பக்கத்தில் பிரிண்டர் பாகம் நிற்காது. மாருய் கதை வேறு. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பொம்மைத் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். அதற்குப் பாகம் தேடி அலைவதைவிட வரைவதே மேல்.

உன்னிடம் வலது ஆர்ம் முழுசாக இருக்கிறதே, அதைக் கழற்று. இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பமா, அல்லது ஒரே பாகத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார். இரண்டிலும் அச்சில் பதிந்த எழுத்தும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே பாகம், வேறாக இருந்தால் ஜோடி. இதைப் பார்க்காமல் மிரர் செய்துவிட்டு, ஷாக் அப்சார்பர் மாட்டும் துளை தப்பான பக்கம் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. கழற்றும்போது சாதா ஃபிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் போடாதே. ஜப்பான் ஸ்குரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தரநிலை) முனை வேண்டும்; மற்றது வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

அளப்பதற்குத்தான் நேரம் செலவழி, வரைவது அரை நாள் வேலை. ஆர்மை விட, அது போய் உட்காரும் இடங்களை நம்பு: ஆர்முக்குக் கீலாக இருக்கும் ஹிஞ்ச் பின் சேசிஸில் நுழையும் காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பின்னின் தடிமன், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் உயரம். இரும்பு தேயாது, பிளாஸ்டிக் துளை தேயும். பழைய துளையின் வாய் நீள்வட்டமாகியிருக்கும், அதனால் பின்னை அள. காலிப்பர் என்ற அளவுக்கருவியின் உள்தாடையைச் சின்னத் துளைக்குள் விட்டால் எப்போதும் குறைத்தே காட்டும், ஏனென்றால் தாடையின் முனை தட்டையாக இருக்கும். டிரில் பிட்டின் வழவழப்பான காம்புப் பக்கத்தை நுழைத்துப் பார். 3.0 மில்லிமீட்டர் பிட் நுழைந்து 3.1 நுழையாவிட்டால் அதுதான் உன் அளவு.

இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் வேண்டுமா? இரண்டிலும் 3 மில்லி பின்னைச் செருகி, வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, ஒரு பின்னின் தடிமனைக் கழி. 51.0 என்று காட்டினால் மையத்துக்கு மையம் 48.0. மூன்று முறை அள. மூன்றும் 0.05க்குள் ஒத்துவராவிட்டால் பின் சாய்ந்திருக்கிறது.

வெளிக்கோட்டுக்கு வீட்டு ஸ்கேனர் போதும். தட்டையான முகம் கண்ணாடியில் படும்படி நடுவில் வை, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ரூலர், 600 டிபிஐ. ஒரு புள்ளி 0.042 மில்லி ஆகும். ரூலரைக் குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் வைத்து இரண்டு ஸ்கேன் எடு, சில ஸ்கேனர்களில் இரண்டு திசையும் ஒரே அளவில் வராது. மெல்லிய வகை ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டியதை மட்டும் கூர்மையாகக் காட்டும், 3 மில்லி மேலே இருப்பது மங்கிவிடும். மங்கிய கோட்டை நம்பி வரையாதே, அங்கே காலிப்பர்தான்.

வரையும் மென்பொருளான ஃப்ரீகேடில் அந்தப் படத்தை ரூலரை வைத்து அளவுப்படுத்திக்கொண்டு, அதன் மேல் ஸ்கெட்ச் போடு. ஆனால் துளைகளின் மையங்களைப் படத்திலிருந்து எடுக்காதே, நீ அளந்த எண்களால் அவற்றை முதலில் நட்டுவிடு. வெளிக்கோடு அவற்றைச் சுற்றி வரட்டும். 47.93 என்று அளந்திருந்தால் 48 என்று போடு. வரைந்தவர் முழு எண்ணில்தான் வரைந்திருப்பார். வார்ப்பு அச்சில் ஆறும்போது சுருங்கியது மிச்சம். எல்லாவற்றுக்கும் இந்த விதி கிடையாது: ஆர்சி10 மாதிரி அமெரிக்க வண்டி அங்குலத்தில் பிறந்தது, அதன் 4-40 என்ற அங்குல ஸ்குரூவின் தடிமன் 2.84 மில்லி. அதை 3 என்று திருத்தினால் கெட்டது. உன்னுடையது ஜப்பான் வண்டி, மில்லியிலேயே இரு.

இன்னொன்று, அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமே என்று பக்கச்சுவர் ஒன்றிரண்டு டிகிரி சரிந்திருக்கும். மேலே 5.8, கீழே 6.2 என்று வந்தால் நீ தப்பாக அளக்கவில்லை. 6 என்று நேராக வரை. அடிப்பக்கம் குடைந்து விலா விலாவாக விட்டிருப்பதும் அச்சுக்காகத்தான். தடித்த பிளாஸ்டிக் ஆறும்போது குழி விழும். பிரிண்டருக்கு அந்தக் கவலை இல்லை, குடைவை நிரப்பிவிடு. ஒடிந்த இடத்தைப் பார், உள்மூலை கத்தி மாதிரி கூராக இருக்கிறது. விரிசல் அங்கேதான் ஆரம்பித்திருக்கும். அந்த மூலையை உருட்டி 2 மில்லி ஃபில்லட் கொடு. ஃபில்லட்டை எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் போடு. முன்னாலேயே போட்டுவிட்டு ஸ்கெட்சைத் திருத்தினால் ஃப்ரீகேட் விளிம்புக்கு வைத்த பெயர் மாறி, பிழை காட்டி மொத்தமும் சிவப்பாகிவிடும். 1.0 பதிப்புக்குப் பிறகு இது குறைந்தது, ஒழியவில்லை.

நிரப்பு என்றேனே, அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆர்ம் ஒடியவே கூடாது என்று இரும்பு மாதிரி செய்தால், அடுத்த மோதலில் சேசிஸின் காது பிய்யும். அதற்கு மாற்று உன்னிடம் இல்லை. ஒடிய வேண்டியது ஆர்ம்தான். மறுபடி அச்சடிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

முழு ஆர்மையும் உடனே பிரிண்ட் போடாதே. முதலில் 2 மில்லி தடிமனில், துளைகளோடு, ஒரு தோசை மாதிரி அடி. கால் மணி நேரம்தான் ஆகும். வண்டியில் வைத்துப் பார், பின் நேராக நுழைகிறதா, டயர் உரசுகிறதா. பிரிண்டரில் துளை எப்போதும் சின்னதாகத்தான் வரும். 3.0, 3.1, 3.2, 3.3 என்று நான்கு துளை போட்ட ஒரு துண்டை அடித்து, உன் பிரிண்டருக்கு எது சரி என்று ஒருமுறை தெரிந்துகொள். ஆர்ம் அந்தப் பின்னில் தன் எடைக்கே தொங்கி விழ வேண்டும், ஆனால் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. சற்று இறுக்கமாக வந்தால் 3 மில்லி டிரில் பிட்டைக் கையால் சுற்றி எடு, மெஷினில் போட்டால் உருகும். ஸ்குரூ ஏறும் இடத்தில் தானே மரை வெட்டி ஏறும் 3 மில்லி டாப்பிங் ஸ்குரூவுக்கு 2.5 துளை, சுற்றிலும் வெளித்தடிமன் 7.

ஆர்மைப் படுக்கவைத்து அடி. நிறுத்தி அடித்தால் அடுக்குகள் குறுக்கே விழும், முதல் குதியிலேயே விறகு மாதிரி பிளக்கும். உள்ளே நிரப்பும் வலையைக் கூட்டுவதைவிட, வெளிச்சுவரை ஐந்து சுற்றாக்கு. பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம்: 60 டிகிரிக்கே இளகிவிடும், வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் வாழைப்பழமாக வளையும். சோதனைக்குப் பிஇடிஜி பிளாஸ்டிக், ஓட்டத்துக்கு நைலான். நைலானை 70லிருந்து 80 டிகிரியில் எட்டு மணி நேரமாவது காயவைத்து அடி. இங்கே கடற்காற்றில் சுருளை வெளியே விட்டால் மறுநாளே பிளாஸ்டிக் உருகி வரும் நாசிலில் பொரிகிற சத்தம் கேட்கும். ஜோபர்க் குளிர்காலத்தில் உனக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் நேர்மாறான தொல்லை உண்டு. அடித்து முடித்த பாகம் வறண்டே இருந்தால் விறைப்பாக இருந்து சட்டென்று முறியும். ஈரத்துணியோடு ஒரு பையில் கட்டி இரண்டு நாள் வை. ஈரம் குடித்தால்தான் அது வளைந்து கொடுக்கும். கொஞ்சம் பருக்கும், அதனால் துளையை அதற்குப் பிறகு சரிபார்.

கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து ஆரம்பி. பாதியில் நின்றால் தட்டு குளிர்ந்து பாகம் கழன்றுவிடும். கழலாமல் பிரிண்டர் தொடர்ந்தாலும், நின்ற அடுக்கில்தான் நாளைக்கு ஒடியும்.

கியரும் தேய்ந்திருக்கிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதை ஆர்ம் மாதிரி தடம் எடுத்து வரையவே கூடாது, கணக்குப் போட வேண்டும். பல்லை எண்ணு, வெளிவிட்டத்தை அள, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதால் வகு. 50 பல், 41.6 மில்லி என்றால் 52ஆல் வகுக்க 0.8, அதாவது 0.8 மாட்யூல் (பல்லின் அளவை மில்லியில் சொல்லும் எண்). அதே 50 பல் 41.3க்குப் பக்கத்தில் வந்தால் 32 பிட்ச், அதாவது பல்லை அங்குலத்தில் கணக்கிடும் குடும்பம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சேர்த்து ஓட்டினால் ஊளையிட்டுக்கொண்டே பல் கொட்டும். பல் நுனி தேய்ந்திருந்தால் விட்டமும் குறைந்து ஏமாற்றும், பல் எண்ணிக்கை ஒற்றைப்படையானாலும் காலிப்பர் குறைத்துக் காட்டும். அதனால் மோட்டாரில் மாட்டிய சின்ன கியரான பினியனையும் அதே மாதிரி கணக்கிட்டு ஒத்துப்பார். மாட்யூல் தெரிந்ததும் ஃப்ரீகேடே 20 டிகிரி அழுத்தக் கோணத்தில் பல்லை வரைந்து கொடுக்கும். 0.4 மில்லி நாசிலில் 0.8 மாட்யூல் தேறும், 0.6 தேறாது.

எனக்கு அனுப்பும்போது பிரிண்டருக்கான எஸ்டிஎல் கோப்பு வேண்டாம், ஃப்ரீகேட் கோப்பையே அனுப்பு. அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர் வைத்து எழுதியிரு, நான் ஒரு எண்ணை மாற்றினால் ஆர்ம் முழுக்க மாறட்டும். ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா, முறிவை லென்ஸில் பார்க்க வேண்டும்.

அப்பா